அத்தி மரம் தூங்கட்டும்

“என்னடி இது, மரத்துக்குக் கம்பளி போர்த்தியிருக்கே? உன் வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்வெட்டராவது வாங்கிக் கொடுத்தியா?”

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துப் போட்டோவைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்து அம்மா போனில் கேட்ட கேள்வி இது. பக்கத்தில் இருந்த அண்ணி சிரித்த சிரிப்பு இங்கே நியூ ஜெர்சி வரைக்கும் கேட்டது.

சிரிக்கட்டும். ஊட்டியில் ஒரு நாள் புல்மேல் உறைபனி படிந்தால் நம்ம ஊர் பேப்பரில் படம் போடுகிறார்கள். இங்கே கார்த்திகையிலிருந்து பங்குனி வரைக்கும் அதோடுதான் குடித்தனம். ஓக், மேப்பிள் போன்ற மரங்கள் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவை. அவற்றுக்குக் கவலை இல்லை. சீமை அத்தி அப்படியில்லை. மேற்கு ஆசியாவும் மத்தியதரைக் கடலோரமும் அதன் பிறந்த வீடு. இந்தக் குளிர் ஊருக்கு வாக்கப்பட்டு வந்த பெண் மாதிரி அது. என்னைப் போலவே என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் வாசகிகள் இரண்டு மூன்று பேர், ஆசையாக வைத்த அத்திக் கன்று ஒரே குளிர்காலத்தில் கருகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அதனால் இந்தத் தடவை சமையல் குறிப்பைத் தள்ளி வைத்துவிட்டு அத்தியைப் பற்றியே சொல்கிறேன். நான் கெடுத்த கதையையும் சேர்த்துத்தான்.

2012-ல் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிது. நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அடுத்த வீட்டு இத்தாலியத் தாத்தாவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் தோட்டத்தில் பள்ளம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆள் நீளத்துக்குப் பள்ளம்! எனக்குக் கை கால் ஓடவில்லை. “என்னங்க, இங்க வாங்களேன்” என்று இவரைக் கூப்பிட்டேன். இவரும் வந்து பார்த்துவிட்டு, “யாரையும் காணோம்னு போலீஸ் வந்தா நமக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிவிட்டுக் காபியோடு போய்விட்டார்.

அவர்கள் புதைத்தது ஓர் அத்தி மரத்தை. உயிரோடு!

தெற்கு இத்தாலியிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை அது. இலையெல்லாம் உதிர்ந்த பிறகு கிளைகளை மேல்நோக்கிச் சேர்த்து, நம்ம ஊரில் வைக்கோலைக் கட்டுகிற மாதிரி கயிற்றால் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். மரத்தின் ஒரு பக்கம் பள்ளம். அதற்கு எதிர்ப்புறம் இருக்கும் வேர்களை மண்வெட்டியால் வெட்டிவிட்டு, மரத்தை மெதுவாக, மிக மெதுவாகப் பள்ளத்துக்குள் சாய்க்கிறார்கள். மற்ற பக்கத்து வேர்கள் கதவின் கீல் மாதிரி பிடித்துக்கொள்கின்றன. மேலே காய்ந்த சருகு, அதன் மேல் பலகை, தார்ப்பாய், கடைசியில் மண். வசந்தம் வந்ததும் தோண்டி நிமிர்த்தி விடுவார்கள். தடித்த கிளைகள் வளையாது அல்லவா? அதனால் அவற்றை அவ்வப்போது தூரோடு வெட்டி எடுத்துவிட்டு இளங்கிளைகளையே வளரவிடுகிறார்கள். மேலே காற்று எப்படி உறைந்தாலும் மண்ணுக்குள்ளே குளிர் அவ்வளவாக இறங்காது. பனி மூடினால் அதுவே இன்னொரு போர்வை.

மறு வருஷம் ஆகஸ்டு கடைசியில் அந்த மரத்திலிருந்து ஒரு கிண்ணம் பழம் வந்தது. ஊதாத் தோல், உள்ளே சிவப்புச் சதை, தொட்டால் தேன். நம்ம ஊரில் அத்திப்பழத்தைப் பிட்டால் பூச்சி என்பார்களே, அந்தப் பேச்சே இதில் இல்லை. இங்கே வீடுகளில் வளர்க்கும் ரகங்கள் குளவி வந்து சேர்க்கை செய்யாமலே பழுக்கிறவை.

தாத்தா 2014 தொடக்கத்தில் காலமானார். பாட்டியை என் குழந்தைகள் ‘நோன்னா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தாலியப் பாஷையில் பாட்டி என்று அர்த்தம். அவருக்கு அரைகுறை இங்கிலீஷ், எனக்கும் அப்படித்தான். அதனால் நாங்கள் நன்றாகவே பேசிக்கொண்டோம். அந்த வசந்தத்தில் நோன்னா ஒரு போத்து ஒடித்துத் தந்தார். தொட்டியில் வைத்து, முதல் குளிருக்குக் கார் ஷெட்டுக்குள் வைத்துக் காப்பாற்றி, 2015 மே மாதம் மண்ணில் நட்டேன். கிடுகிடுவென்று என் தோள் உயரம் வளர்ந்தது. எனக்கு ஒரே பெருமை. இன்னும் வளரட்டும் என்று செப்டம்பர் வரைக்கும் உரம் போட்டேன். முதல் தப்பு அது.

குளிர் வரப்போகிறது என்றதும் கடையில் போய்க் கனமான பிளாஸ்டிக் ஷீட் வாங்கினேன். பழைய ரஜாயால் மரத்தைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக்கை இறுக்கிச் சுற்றி, ஓட்டை இல்லாமல் டேப் ஒட்டினேன். என் பையனுக்கு அப்போது மூன்று வயது. அவனுக்குக் காது மூடிக் குல்லாய், மஃப்ளர், கையுறை என்று எப்படிக் கட்டுவேனோ அப்படியே கட்டினேன். “மூச்சு விடுமா?” என்று இவர் கேட்டார். காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது தப்பு.

அந்தக் குளிர்காலம் விசித்திரமானது. 2015 டிசம்பர் 24-ஆம் தேதி நியூயார்க்கில் 22 டிகிரி வெப்பம். ஜனங்கள் அரைக்கைச் சட்டையோடு தெருவில் போனார்கள். அதே நியூயார்க்கில் 2016 பிப்ரவரி 14-ஆம் தேதி பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ் கட்டி வைக்கிறோமே, அந்தக் குளிர்.

ஏப்ரலில் பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். ஈர நாற்றம் அடித்தது. ரஜாயில் பூஞ்சை. பட்டை கறுத்து, விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு வந்தது. நுனியிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் உயிர் இல்லை. தாத்தா போன பிறகு கிடைத்த மரம் ஆயிற்றே, நோன்னாவிடம் எந்த முகத்தோடு சொல்வேன் என்று இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் அவரே வேலி வழியாகப் பார்த்துவிட்டு வந்தார். திட்டவில்லை. கட்டை விரல் நகத்தால் பட்டையை இலேசாகக் கீறிப் பார்த்தார். மேலே பழுப்பு. கொஞ்சம் கீழே பழுப்பு. தரைக்கு ஒரு சாண் மேலே கீறியபோது பச்சை தெரிந்தது. “மரம் சாகலை. நீ அதைத் தூங்க விடலை. ஜூன் வரைக்கும் கை வைக்காதே” என்றார்.

அப்புறம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. நன்றாக வளர்ந்து, இலை உதிர்த்து, முழுத் தூக்கத்தில் இருக்கும் அத்தி ஏறக்குறைய மைனஸ் 10 டிகிரி வரைக்கும் தாங்கும். இளங்கன்று அவ்வளவு தாங்காது. குழந்தைக்கு உடம்பில் சூடு உண்டு. போர்வை அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. மரத்துக்கு அப்படிச் சூடு ஏது? நான் கட்டிய பிளாஸ்டிக்குக்குள் பகல் வெயில் பட்டுப் புழுங்கியது. உள்ளே வியர்த்தது. வெப்பமான டிசம்பரில் வசந்தம் வந்துவிட்டது என்று மரம் ஏமாந்திருக்கும். பிறகு ராத்திரிக் குளிரில் அந்த ஈரமெல்லாம் பட்டைமேல் உறைந்தது. போதாக்குறைக்கு, நான் செப்டம்பர் வரைக்கும் போட்ட உரத்தில் வந்த தளிரெல்லாம் முற்றாத பிஞ்சுக் கட்டை. அதுதான் முதலில் போனது.

சரி, மேலே கருகினால் என்ன, தூரிலிருந்துதான் துளிர்க்குமே என்று கேட்பீர்கள். துளிர்த்தது, ஜூன் முதல் வாரத்தில் ஐந்து துளிர்கள். ஆனால் பழம்? போன வருஷத்துக் கிளை பிழைத்திருந்தால் அதில் முதல் காய்ப்பு ஆனி, ஆடியிலேயே வரும். இரண்டாம் காய்ப்புக்கும் மரம் சீக்கிரம் தயாராகும். தரையிலிருந்து புதிதாகக் கிளம்பின மரத்தில் காய் பிடிக்கவே நாளாகிறது. அந்த வருஷம் அக்டோபரில் நாற்பது காய்கள் கல் மாதிரி பச்சையாகத் தொங்கின. அத்தி, மாங்காய் மாதிரி பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்காது. மரத்திலேயே பழுத்தால்தான் உண்டு. அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. பழத்துக்காகத்தான் ஐயா அந்தத் தாத்தா வருஷா வருஷம் பள்ளம் வெட்டியிருக்கிறார்.

இப்போது நான் செய்கிறதைச் சொல்கிறேன். எங்களுக்கு மரத்தைச் சாய்த்துப் புதைக்கத் தெம்பில்லை. நின்றபடியே கட்டிவிடுகிறோம். ஆனி முடிந்ததும் உரம் நிறுத்தம். இலை தானாக உதிரும் வரைக்கும் மரத்தைத் தொடுவதில்லை. ஒன்றிரண்டு லேசான உறைபனி அதன் மேல் விழட்டும். அப்போதுதான் தூக்கம் வரும். பழுக்காத காய்களைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கிளைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவேன். நான்கு பக்கமும் கம்பு நட்டுக் கம்பி வலையைச் சுற்றிக் கூண்டு மாதிரி செய்து, உள்ளே நன்றாகக் காய்ந்த ஓக் சருகைக் கொட்டுவேன். ஓக் சருகு சீக்கிரம் அமுங்கிக் கூழாகாது. வெளியே இரண்டு மூன்று சுற்றுக் கோணி, அதன்மேல் பழைய கார்ட்போர்டு. மழை இறங்காமல் இருக்க வெளிப்புறம் மட்டும் தார்ப்பாய், அதுவும் தளர்வாக. தலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துவிடுவேன். பிளாஸ்டிக் எதுவும் பட்டையில் படக்கூடாது. அடியில் ஒரு அடி உயரத்துக்கு மண் அணைப்பு.

எலி விஷயம் ஒன்று உண்டு. காய்ந்த சருகு என்றால் சுண்டெலிக்கு மெத்தை. பனிக்காலத்தில் தின்ன வேறொன்றும் கிடைக்காமல் பட்டையைச் சுற்றிலும் கொறித்துவிட்டால் மேலே எத்தனை கோணி கட்டியும் பிரயோஜனமில்லை. அடிமரத்தைச் சுற்றிச் சின்னக் கண் உள்ள கம்பி வலையை மண்ணுக்குள் நாலு விரல் போகிற மாதிரி வைத்துவிடுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அத்தி இலையை ஒடித்தால் வருமே பால், அது தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பும். என் பெண்ணுக்கு ஒரு கோடையில் முழங்கை முழுக்கக் கொப்புளித்து, கறை போக மாதக் கணக்கு ஆயிற்று. குழந்தைகளைப் பறிக்க விடாதீர்கள். நீங்களும் முழுக்கைச் சட்டை, கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள். பால் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

பிரிக்கிற நாள்தான் கஷ்டமான நாள். மார்ச்சில் நாலு நாள் வெயில் அடித்ததும் கை பரபரக்கும். பொறுங்கள். சித்திரை பிறந்த பிறகு, மேகம் மூடிய ஒரு நாளாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். இந்தப் பக்கத்தில் மே முதல் பாதி வரைக்கும்கூடத் திடீர் உறைபனி உண்டு. கோணியைக் கைக்கெட்டுகிற இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

2017-ல் நோன்னா வீட்டை விற்றுவிட்டு மகளுடைய ஃபிளாட்டுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர்கள் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று தாத்தாவின் மரத்தை மெஷின் வாளால் அறுத்துவிட்டார்கள். அரைமணி வேலை. அவர்கள் மீது தப்பில்லை, அது என்ன மரம் என்று அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் அன்றைக்கு என்னால் சமைக்க முடியவில்லை.

என் மரத்திலிருந்து பென்சில் கனத்தில் இரண்டு போத்து வெட்டி, மணல் கலந்த மண்ணில் வேர் பிடிக்கவைத்து, 2018 வசந்தத்தில் தொட்டியோடு நோன்னாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் குளிருக்கு அவர் மகள் பாசத்தில் தொட்டியை வரவேற்பறையில், ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டாள். டிசம்பரிலேயே வெளிறிப்போன இலைகள் விட்டு, நாலு வாரத்தில் எல்லாம் கொட்டிவிட்டது. நான் செய்த அதே தப்பு! இப்போது தொட்டி கீழ்த்தளத்தில், ஹீட்டர் இல்லாத சாமான் அறையில் இருக்கிறது. மைனஸ் 5-லிருந்து 7 டிகிரிக்குள் இருக்கிற எந்த இடமும் தொட்டி அத்திக்குச் சரி. இலை இல்லாததால் இருட்டு என்றாலும் பாதகமில்லை. மாதத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், மண் அடியோடு காயாமல் இருந்தால் போதும். மே மாதம் வெளியே எடுக்கும்போது முதல் ஒரு வாரம் நிழல். நேரே வெயிலில் வைத்தால் புது இலை வெந்துவிடும்.

வருஷா வருஷம் நவம்பர் பிறந்தால் நோன்னாவிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். “இலை விழுந்ததா?” என்பதுதான் முதல் கேள்வி.

நேற்றும் வந்தது. “இன்னும் ஏழெட்டு இலை நிற்கிறது நோன்னா” என்றேன்.

“அப்போ பொறு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். கோணியெல்லாம் உதறிக் காயப்போட்டு ஷெட்டில் மடித்து வைத்திருக்கிறேன்.