டி.என்.ஏ. விற்பனைக்குக் கட்டாயச் சோதனை வேண்டும்: செயற்கை உயிர் ஆய்வு குறித்த எங்கள் நிலைப்பாடு

செயற்கை உயிர் ஆய்வுக்குத் தடை வேண்டாம். அந்த ஆய்வுக்கான டி.என்.ஏ. கைமாறும் இடத்தில் கட்டாயச் சோதனை வேண்டும். கேரளத்தின் கழக்கூட்டத்தில் இயங்கும் எங்கள் தமிழ் அறிவியல் மன்றத்தின் நிலைப்பாடு இதுவே. டெக்னோபார்க்கை வைத்தே இவ்வூரைப் பலரும் அறிவார்கள். ஆனால் ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையத்தின் பயோநெஸ்ட் வளாகம் இங்குள்ள கின்ஃப்ரா பூங்காவில்தான் இருக்கிறது. சற்று வடக்கே தோன்னக்கல்லில் மாநில அரசின் வைராலஜி நிறுவனம். எனவே இந்த ஆய்வு எங்களுக்கு எங்கோ நடக்கும் செய்தி அல்ல, உள்ளூர் விஷயம்.

2010 மே மாதம் அமெரிக்க உயிரியலாளர் கிரெய்க் வென்டரின் குழு செய்ததைக் கவனியுங்கள். ஒரு பாக்டீரியாவின் மரபுத்தொகுதியைக் கணினியில் வடிவமைத்து, அதைத் தலா சுமார் 1,080 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட துண்டுகளாக ஒரு நிறுவனத்திடம் ஆர்டர் கொடுத்து வாங்கி, ஈஸ்டுக்குள் ஒன்றாக இணைத்து, வேறொரு பாக்டீரியாவின் செல்லுக்குள் செலுத்தினார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான எழுத்துகளில் ஒன்றே ஒன்று விடுபட்டதில் வேலை வாரக்கணக்கில் முடங்கியது. 2016இல் அதே குழு உருவாக்கிய 473 மரபணு உயிரியில் 149 மரபணுக்கள் என்ன செய்கின்றன என்று அவர்களுக்கே தெரியவில்லை. செல்லும் இரவல்தான். கடவுளின் வேலையைப் பறித்துவிட்டார்கள் என்ற புகழ்ச்சி, வசை இரண்டுமே மிகை. நாங்கள் அஞ்சுவது டி.என்.ஏ.வை ஆர்டர் கொடுத்து வாங்கும் அந்த வழியை நினைத்துத்தான். 2002இல் நியூயார்க்கின் ஸ்டோனி புரூக்கில் எக்கார்ட் விம்மர் குழு, வெளியான மரபணு வரிசையையும் விலைக்கு வாங்கிய டி.என்.ஏ. துண்டுகளையும் கொண்டே போலியோ வைரஸை உருவாக்கிக் காட்டியது. சுமார் 7,500 எழுத்துகள், அவ்வளவுதான். அதே வைரஸை ஒழிக்க எத்தனையோ ஆண்டுகள் சொட்டு மருந்து கொடுத்துத்தான் 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்ற சான்றைப் பெற்றது.

அப்படியானால் மொத்தமாகத் தடுத்துவிடலாமே என்பவர்களுக்கு: சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலின், மரபணு மாற்றிய நுண்ணுயிரிகள் தருவது. நிபா வைரஸ் 2018இல் கோழிக்கோட்டில் பரவியது பழந்தின்னி வௌவால்களிடமிருந்து, எந்த ஆய்வகத்திலிருந்தும் அல்ல. அதற்கு மருந்து தேடவும் இதே நுட்பங்கள் தேவை. சோதனை வந்தால் சிறு ஸ்டார்ட்அப்கள் தாமதத்தில் நசுங்கும் என்கிறார்கள் சிலர். ஆபத்தான கிருமிகளின் வரிசைகளோடு ஆர்டரை ஒப்பிடுவது கணினியின் வேலை. பெரும்பாலான ஆர்டர்கள் சிக்கலின்றிக் கடந்துவிடும். பல நாட்டு விற்பனையாளர்கள் 2009 முதல் தாமாகவே இதைச் செய்கிறார்கள். தீய எண்ணம் கொண்டவன் ஆர்டரைப் பல கடைகளுக்குப் பிரித்துக் கொடுப்பானே என்பதுதான் வலுவான ஆட்சேபம். வரிசையைப் பார்ப்பதோடு வாங்குபவர் யார், எந்த நிறுவனம், எதற்காக என்பதையும் சரிபார்க்கச் சொல்வது அதனால்தான். அப்போதும் ஓட்டை முழுதாக அடைபடாது. ஆனால் சோதிக்காமலே விற்கும் கடை இருக்கும்வரை சோதிக்கும் கடையால் பயன் குறைவு. தன்னார்வ ஏற்பாடு போதாது என்பதற்கு இதுவே காரணம்.

நம் 1989 விதிகள் மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாள எழுதப்பட்டவை, இணையத்தில் டி.என்.ஏ. வாங்கும் காலத்தை நினைத்து எழுதியவை அல்ல. 2024 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் பயோ-இ3 கொள்கை இத்துறையை வளர்க்க விரும்புகிறது, வரவேற்கிறோம். அத்துடன் டி.என்.ஏ. துண்டுகளுக்கும் அவற்றை அச்சிடும் கருவிகளுக்கும் விற்பனைச் சோதனையைச் சட்டமாக்க வேண்டும். ஆய்வு நிறுவனங்களின் உயிர்ப்பாதுகாப்புக் குழுக்களின் முடிவுகளைப் பொதுமக்கள் படிக்கும்படி, மலையாளம், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட வேண்டும். மூலக்கூறுகள் இடவலம் மாறிய ‘கண்ணாடி உயிர்’ நம் நோய் எதிர்ப்பாற்றலுக்குப் பிடிபடாமல் போகலாம் என 2024 டிசம்பரில் 38 அறிவியலாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அதை உருவாக்கும் முயற்சிக்கு மட்டும் பொதுப்பணத்தில் ஒரு ரூபாயும் தரக்கூடாது. இந்த மூன்றையும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை உடனே பரிசீலிக்கக் கோருகிறோம்.