துவிச்சக்கர வண்டியின் நடு அச்சு

வண்டியேறிக் கல்லூரிக்கு வரும் நண்பர்காள்! நாம் மிதிக்கும் ஒவ்வொரு மிதியின் பாரத்தையும் தாங்குவது பாட்டம் பிராக்கெட் என்னும் நடு அச்சே. ஆயினும், அது கறகறவென்று முறையிடுமளவும் நாம் அதனை நினைப்பதில்லை.

அதன் வகைகளுள் பழையது, மரையிட்ட கிண்ணங்களில் தனிக் குண்டுகள் உருள்வது. பக்கத்திற்குக் கால் அங்குலக் குண்டுகள் 11 வீதம் இடுவது வழக்கம். மழைநீரும் புழுதியும் எளிதிற் புகும் என்பது இதன் குறை. ஆனால் கழற்றி, மண்ணெண்ணெயிற் கழுவி, புதுக் கிரீஸ் இட்டால் மீண்டும் உழைக்கும்; குண்டு தேய்ந்தால் குண்டை மட்டும் மாற்றலாம். கவனியாது விட்டாலோ கிண்ணமும் அச்சும் குழிவிழுந்து கெடும். அடுத்தது, மூடி முத்திரையிட்ட கார்ட்ரிட்ஜ். பல்லாண்டு பராமரிப்பு வேண்டாது; தேய்ந்தபின் முழுவதையும் மாற்ற வேண்டியதே.

மூன்றாவது, மரையின்றிச் சட்டத்துள் அழுத்திச் செருகுவது. கேனன்டேல் கம்பெனியார் 2000-இல் வெளியிட்ட பி.பி.30 இவ்வகையது. எடை குறைவே, எனினும் துளையளவு சிறிது பிசகினும் கிறீச்சிடும். 2015-இல் அகன்ற துளைக்கும் மரையே அமைத்த டி47 தோன்றியதற்கு இக்குறையும் ஒரு காரணமாம்.

ஆதலின் என் கருத்து இது: கை அழுக்காக அஞ்சாதவர் குண்டு வகையைக் கொள்க, அவகாசமற்றவர் கார்ட்ரிட்ஜைக் கொள்க, இருவரும் மரையைக் கைவிடாதிருப்பாராக. சில பலம் எடை குறைப்பதற்காகப் பழுதுபார்க்கும் எளிமையை இழத்தல் மாணவர்க்குத் தகுமோ?