புதனும் வியாழனும்

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓஆஹுவின் கிழக்குக் கரையில், வைமானாலோ என்னும் ஊரில், நண்பர்கள் ஐவரோடு இரண்டு இரவுகள் கூடாரமடித்துத் தங்கியிருந்தேன். திரும்பியதும் எழுத நினைத்தது வழக்கமான பயணக் கட்டுரைதான். சரக்குக்கும் குறைவில்லை. எதிரே கடலில் மானானா என்ற குட்டித் தீவு. எரிமலைச் சாம்பல் இறுகி எழுந்த கூம்பு. பின்னால் கூலாவ் மலையின் செங்குத்தான பச்சைச் சுவர். பெரியதோர் எரிமலையின் ஒரு பாதி பண்டைக் காலத்தில் சரிந்து கடலுக்குள் போய்விட, எஞ்சி நிற்பது அது. எரிமலைத் தீவென்றால் கருமணல் என்று எண்ணிச் சென்றவனுக்கு அங்கே மாவுபோல் வெண்மணல். பவளத்தைக் கொறிக்கும் கிளிமீன்களின் கழிவும் அதில் உண்டு என்று ஒரு நண்பர் சொன்னபின், சாப்பாட்டுத் தட்டை மணலில் வைக்கச் சிலர் தயங்கினார்கள்.

எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. எங்கள் சீட்டில் குறித்திருந்த இடத்தில், சவுக்கு மரங்களுக்கடியில், ஏற்கெனவே ஒரு கூடாரம் இருந்தது.

அது எங்களுடையதைப் போன்றதல்ல. நீலத் தார்ப்பாயை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பெட்டிகளை அடுக்கிச் செய்த சமையல் அலமாரி, கொடிக்கயிற்றில் பள்ளிச் சட்டைகள், ஒரு கிழவி, இரண்டு சிறுவர்கள். எங்களில் ஒருவர் அனுமதிச் சீட்டை எடுத்துக் காட்டினார். கிழவி அதை வாங்கிப் பார்க்கவில்லை. "காலையில் போய்விடுவோம்" என்றார். நண்பர் திருப்தியடையாமல் புகார் எண்ணுக்குத் தொலைபேசினார். யாரும் எடுக்கவில்லை. நான் அவரைத் தடுக்கவில்லை என்பதையும் இங்கே பதிய வேண்டும்.

ஹவாய் மொழியில் நிலத்துக்குப் பெயர் 'ஆஇனா'. அதற்குள் உண்ணுதல் என்னும் வினை இருக்கிறது. உணவூட்டுவது எதுவோ அதுவே நிலம். 'கமஆஇனா' என்றால் மண்ணின் பிள்ளை. இன்று அச்சொல் உள்ளூர்வாசிகளுக்கான கட்டணச் சலுகையின் பெயர். மூன்றாண்டுகளாக ஹொனலூலுவில் வேலை பார்க்கும் எங்கள் நண்பர் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி உணவகங்களில் மண்ணின் பிள்ளையாகிவிடுகிறார். மண்ணின் பிள்ளைகள் மண்ணில் படுத்தால் அது ஆக்கிரமிப்பு.

மிகையாகச் சொல்வதாகத் தோன்றலாம். 1893-இல் அரசி லிலியுஒகலானி பதவியிறக்கப்பட்டார். 1898-இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டபோது சுமார் 18 லட்சம் ஏக்கர் அரச நிலமும் பொதுநிலமும் கைமாறின. 1993-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் இயற்றியது. அந்நிலங்கள் ஹவாய் மக்களின் சம்மதமோ அவர்களுக்கு இழப்பீடோ இன்றி எடுக்கப்பட்டவை என்று அதிலேயே ஒப்புக்கொண்டது. கூடவே, இத்தீர்மானத்தை எந்த உரிமைக் கோரிக்கைக்கும் தீர்வாகக் கொள்ளலாகாது என்றொரு வரியையும் கடைசியில் சேர்த்தது. மன்னிப்புக் கேட்கும்போதே கையைப் பின்னால் கட்டிக்கொள்வது இப்படித்தான்.

இடையில் 1921-இல் ஒரு சட்டம் வந்தது. பாதியேனும் ஹவாய் இரத்தம் உடையவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம். ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கர். கரும்பு விளைந்த நல்ல நிலங்களை முதலாளிகள் விலக்கி வைத்துக்கொண்டார்கள். மிச்சத்தில் பெரும்பகுதி வறண்ட நிலம். நூறாண்டு கடந்தும் காத்திருப்போர் பட்டியலில் 28,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். காத்திருந்தே இறந்தவர்களும் பலர். வைமானாலோவிலேயே அத்தகைய குடியிருப்பு உண்டு. பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களில் சிலர் சாலையைக் கடந்து கடற்கரைக்கு வந்துவிடுகிறார்கள்.

ஓஆஹுவின் பெரும்பாலான முகாம் பூங்காக்களில் வெள்ளிக்கிழமை தொடங்கிப் புதன் காலைவரைதான் தங்கலாம். புதன், வியாழன் இரவுகளில் எவரும் கூடாது. பராமரிப்புக்காக என்பார்கள், இருக்கலாம். யாரும் அங்கே வேர்விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதன் பயன் என்றே நான் கொள்கிறேன். எங்களுக்கு அந்த இரு இரவுகளால் ஒரு நட்டமும் இல்லை. அவை வேலை நாட்கள், எங்களுக்கு வீடுகள் இருக்கின்றன. அந்தச் சிறுவர்களுக்கும் அவை பள்ளி நாட்கள். 2006-இல் ஹொனலூலுவின் ஆலா மோஆனா பூங்கா இரவில் மூடப்பட்டபோது, அங்கே படுத்திருந்தவர்கள் மறைந்துபோகவில்லை. பலர் வேறு கரைக்குப் போனார்கள்.

பூங்காக்கள் குப்பையாவது பற்றி முறையிடுவோரில் ஹவாயர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முகாமுக்கே போகாதீர்கள் என்று நான் உபதேசிக்கவும் இல்லை. எனக்குப் பிணக்கு நம் பயண எழுத்தோடுதான். ஆளில்லாக் கரை, தீண்டப்படாத மணல் என்று எழுதித் தள்ளுகிறோமே, அந்த ஆளின்மை யாரோ ஒருவரை எழுப்பி அனுப்பியபின் கிடைப்பது. அலை ஏறும் எல்லைவரை கடற்கரை அனைவருக்கும் பொது என்கிறது ஹவாயின் சட்டம். அதை மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டும் நாம், அந்த 'அனைவர்' எத்தனை மணிக்கு எழுந்து போக வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

மறுநாள் விடியுமுன் அவர்கள் போய்விட்டிருந்தார்கள். சத்தமே கேட்கவில்லை. சவுக்குச் சருகை ஓரமாகக் கூட்டி ஒதுக்கியிருந்தார்கள். கொடிக்கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை. அதில் நான்கைந்து துணிக்கவ்விகள் இருந்தன. கடலில் குளித்து வந்த நாங்கள் எங்கள் துண்டுகளை அதில்தான் காயப்போட்டோம்.