மல்லி புடுங்கப் போன அம்மா

"இந்த கதைல ஆட்டுக்குட்டி அம்மாவ தேடுது. எங்க அம்மா மல்லி புடுங்க போச்சு. நானும் தேடுனேன்."

திருச்சுழிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் வாசிப்புக் குறிப்பேட்டில் எழுதியிருந்த மூன்று வரிகள் இவை. என் ஆய்வுக்காகப் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டன. அவற்றின் மேல் சிவப்பு மை ஓடியிருந்தது. 'புடுங்க' என்பதை அடித்து 'பறிக்க' என்று எழுதியிருந்தார் ஆசிரியர். 'போச்சு' என்பது 'சென்றார்' ஆகியிருந்தது. 'மல்லி'க்கு மேலே 'மல்லிகைப் பூ'.

திருத்திய பிறகு வாக்கியம் இலக்கணப்படி சரியாகிவிட்டது. ஆனால் பொய்யாகிவிட்டது.

அந்தப் பிள்ளையின் அம்மா பூப் பறிக்கப் போகவில்லை. கொத்தமல்லி பிடுங்கப் போனார். கரிசலில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கும் மானாவாரி மல்லி தை, மாசியில் அறுவடைக்கு வரும். செடியை வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டவேண்டும். வெயில் ஏறினால் காய் உதிரும் என்பதால் பனி ஈரம் இருக்கும்போதே காட்டில் நிற்கவேண்டும். பிள்ளை கண்விழிக்கும்போது அம்மா வீட்டில் இருக்கமாட்டார். ஆட்டுக்குட்டிக் கதையை அந்தச் சிறுமி எவ்வளவு சரியாக வாசித்திருக்கிறாள் பாருங்கள்! அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகையும் விளைகிறது. ஆசிரியருக்குப் பூதான் நினைவுக்கு வந்திருக்கிறது. காடு யாருடையது, கூலிக்குப் பிடுங்கப் போவது யார் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மல்லிகைப் பூ என்ற ஒரு சொல்லில் அந்தக் கூலி, அந்த விடியல், அந்தத் தேடல் மூன்றும் காணாமல் போயின.

"மேடம், பேச்சுத் தமிழை அப்படியே விட்டா, அதிகாரி வந்து பார்த்தா என்னையத்தான கேப்பாங்க?" என்றார் ஆசிரியர். அவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் தலையில் எல்லாம். எமிஸ் செயலியில் வருகை, மதிப்பீடு, சீருடைக் கணக்கு என்று பாதி நாள் செல்பேசியில் போகிறது. கையில் சிவப்புப் பேனாவோடுதான் பயிற்சி நிறுவனங்கள் அவரை வெளியே அனுப்பின. நான் கேட்பது அந்தப் பேனாவைப் பற்றி.

தொடக்கப் பள்ளியில் 'செயல்பாடு' என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலம் முழுவதும் வந்தது. பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப்பந்தல், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து உட்காரப் பாய். அந்தத் திட்டத்தின்மேல் ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். பள்ளியில் உட்காரும் சாக்கைத் தானே வீட்டிலிருந்து கொண்டுவந்து, தானே திரும்பக் கொண்டுபோன சிறுவன் பீமாராவ் படித்த நாட்டில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஆசிரியரும் ஒரே பாயில் உட்கார்ந்தது சின்ன விசயமில்லை. பிறகு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. 2023-இல் வாசிப்பு இயக்கம். நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்த சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் பிள்ளைகள் கைக்கு வந்தன. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்' இதழ். வாசித்த கதையைப் பற்றி வரைவது, எழுதுவது, நடித்துக் காட்டுவது என்று பல பள்ளிகளில் ஆசிரியர்களே முன்வந்து குறிப்பேடும் வைக்கிறார்கள். எங்கள் காலத்தில் இதெல்லாம் கனவிலும் இல்லை. இதைக் கெடுக்கும் நோக்கம் எனக்கில்லை. ஆனால் 'படைப்பாற்றல்' என்ற சொல்லைக் கேட்டவுடன் கைதட்டிவிட்டுப் போகவும் முடியவில்லை.

ஏனென்றால் செயல்பாட்டுக்குள்ளும் சாதி வேலை பிரிக்கிறது. நான் பார்த்த ஒரு வகுப்பில் சார்ட் அட்டையில் காடு செய்யச் சொன்னார்கள். ஸ்கெட்ச் பேனா, பெவிகால், வண்ணத்தாள் வீட்டிலிருந்து வரவேண்டும். கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளை அத்தனையும் கொண்டுவந்தது. வெட்டியதும் ஒட்டியதும் அந்தப் பிள்ளைதான். காலனிப் பிள்ளைகள் இரண்டு பேர் தண்ணீர் கொண்டுவந்து, சிந்திய பசையைத் துடைத்து, வெட்டிய துண்டுகளைக் கூட்டி அள்ளினார்கள். இரண்டும் 'குழுச் செயல்பாடு' என்றே பதிவேட்டில் ஏறியது. இந்த ஊரில் வண்ணத்தாள் வாங்க அருப்புக்கோட்டைக்குப் பேருந்து ஏறவேண்டும் என்பதும், ஒருநாள் கூலியில் ஸ்கெட்ச் பேனா பெட்டி எவ்வளவு என்பதும் திட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா? கருவேல நெற்று, பனை ஓலை, கரித்துண்டு, களிமண் என்று பள்ளிக்கு வெளியே கொட்டிக் கிடப்பதை யாரும் 'பொருள்' என்று கணக்கில் எடுப்பதில்லை.

'நமக்கு உதவுவோர்' படத்தொகுப்பையும் சொல்லவேண்டும். மருத்துவர், காவலர், ஆசிரியர் படங்களோடு செருப்புத் தைப்பவர், குப்பை அள்ளுபவர் படங்களும் ஒட்டச் சொல்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்தக் கடைசிப் படங்கள் வரும்போது வகுப்பு முழுவதும் ஒரே பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பிள்ளை மறுநாள் வராது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் நான்காம் வகுப்பில் 'என் வீடு' என்று கட்டுரை எழுதினேன். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போடுவார்கள். மூட்டம் எரியும் நாட்களில் இரவெல்லாம் விழித்திருந்து, புகை வெடிப்பு வரும் இடத்தில் மண் அள்ளிப் போட வேண்டும். விட்டால் கரி முழுவதும் சாம்பலாகிவிடும். நானும் மண் போட்டிருக்கிறேன். எனக்கு அது பெருமையான வேலை. அதைத்தான் எழுதினேன். வகுப்பில் அது சத்தமாக வாசிக்கப்பட்டது. "அதான் உன் மேல புகை நாத்தம் அடிக்குதா?" என்ற கேள்விக்கு எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த முறை அதே தலைப்பு வந்தபோது, எங்கள் வீட்டைச் சுற்றி ரோஜாத் தோட்டம் இருப்பதாக எழுதினேன். 'மிக நன்று' கிடைத்தது. இன்றும் என் ஆய்வேட்டு வரைவில் அந்த ரோஜாத் தோட்டம் எட்டிப் பார்க்கிறது. "இது உன் வாக்கியமா, யாருடையது?" என்று நெறியாளர் கேட்கும்போதெல்லாம் எனக்கு நான்காம் வகுப்புதான் நினைவுக்கு வரும்.

ரோஜாத் தோட்டம் எழுத மறுத்தவர்களும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். பாமா பிறந்த புதுப்பட்டி இதே விருதுநகர் மாவட்டத்தில், மேற்கு மலையடிவாரத்தில் இருக்கிறது. 1992-இல் 'கருக்கு' வந்தபோது இதென்ன கொச்சை மொழி என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் தேங்காய் திருடியதாகத் தன்மேல் சுமத்தப்பட்ட பழியை அவர் அந்த மொழியில்தான் எழுதினார். அந்த மொழியில் அல்லாமல் வேறெதில் எழுதினாலும் அது வேறொருவர் கதையாகியிருக்கும். இன்று பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கும் அதே மொழி, அவர் மாவட்டத்திலேயே ஒரு மூன்றாம் வகுப்பு நோட்டில் இன்றும் சிவப்பு மையால் அடிபடுகிறது. எம்.ஏ. வகுப்பில் தலித் இலக்கியம், தொடக்கப் பள்ளியில் எழுத்துப்பிழை!

இன்னும் பின்னால் போகலாம். 1855-இல் மராத்தி இதழான 'ஞானோதயா'வில் முக்தா சால்வே என்ற மாணவியின் கட்டுரை வெளியானது. மாங் சாதியில் பிறந்து, புனேயில் புலே தம்பதியர் நடத்திய பள்ளியில் படித்த சிறுமி. மகர், மாங் மக்கள் படும் துயரத்தை, அவர்களின் பெண்கள் படும் பாட்டை எழுதினாள். இந்தியாவில் சாதிக்கு எதிரான எழுத்தின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று, ஒரு பள்ளிப் பிள்ளையின் கட்டுரை. அந்தப் பள்ளியில் யாராவது "துயரம் வேண்டாம், பூந்தோட்டத்தைப் பற்றி எழுது" என்று சொல்லியிருந்தால்?

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், அரசு அனுப்பிய வெள்ளைக்கார வீட்டுக் கதைப் புத்தகங்களை ஓரமாக வைத்துவிட்டு, "இன்று உனக்கு எந்தச் சொல் வேண்டும்?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டார். பயம், பாசம், சண்டை என்று பிள்ளைக்குள் கிடந்த சொற்கள் வந்தன. அவற்றை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் எழுதியவையே பிறகு வகுப்பின் வாசிப்புப் புத்தகங்களாயின. 1963-இல் அந்த அனுபவத்தை நூலாக்கினார். வெளிநாட்டு உதாரணம் வேண்டாம் என்பவர்கள் அருப்புக்கோட்டையையே பார்க்கலாம். இங்கே கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ச.மாடசாமி, 1990களில் அறிவொளி இயக்கத்தில் உழைத்தவர். ஊர் ஊராக மக்கள் வாயிலிருந்த விடுகதைகளும் சொலவடைகளும் கற்பித்தலுக்குள் வர வழி செய்தவர். கூலிவேலை முடித்து வந்து அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்த பெண்களிடம் "உங்கள் பேச்சு தப்பு" என்று தொடங்கியிருந்தால் மறுநாள் யார் வந்திருப்பார்கள்? அம்மாக்களுக்குக் கொடுத்த அந்த மரியாதை பிள்ளைகளுக்கு ஏன் இல்லை?

இங்கே ஒரு மறுப்பு வரும். நம் தோழர்களே சொல்கிறார்கள்: "நம்ம பிள்ளை பொதுத்தமிழ் எழுதலைன்னா எப்படிப் போட்டித் தேர்வு எழுதும்? வழக்கு மொழியில விட்டுட்டா அவங்களுக்குத்தான லாபம்?" நியாயமான பயம். என் அப்பாவும் அதைத்தான் சொல்வார். பொதுத்தமிழ் நம் பிள்ளைகளுக்கும் உரிமை, அதை ஒரு அட்சரம் குறையாமல் வாங்கவேண்டும். அதற்குச் சொல்வதெழுதுதல் நோட்டு இருக்கிறது, கட்டுரை நோட்டு இருக்கிறது, தேர்வுத்தாள் இருக்கிறது. அவற்றில் திருத்தட்டும். வாசிப்புக் குறிப்பேடு ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள் என்கிறேன். 'கம்மாய்' என்று எழுதும் பிள்ளை, நாலு கதையில் 'கண்மாய்' என்று வாசித்தால் தானே மாற்றிக்கொள்ளும். எழுதுவதற்கே பயந்துபோன பிள்ளைக்கு மாற்றிக்கொள்ள எதுவும் இருக்காது.

சிவப்பு மைக்குப் பதில் என்ன செய்வது? பதில் எழுதலாம். பென்சிலில், ஒரே ஒரு கேள்வி. முப்பது பிள்ளைகள் என்றால் நாளைக்கு ஆறு நோட்டு, வாரத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் முறை வரும். மதிப்பெண் கூடாது, நட்சத்திரம் கூடாது, செயலியில் ஏற்றக் கூடாது. ஏற்ற ஆரம்பித்தால் அதற்கும் ஒரு படிநிலை வந்துவிடும். 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும்போது எந்தத் தெருப் பிள்ளைகள் வருடம் முழுக்க அரும்பாகவே இருக்கிறார்கள் என்று அந்தந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கம்பிப்பந்தலிலும் அப்படியே. எழுத்து அழகாக இருக்கும் நான்கு நோட்டுத் தாள்தான் எப்போதும் தொங்குகிறது.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. குறிப்பேட்டில் பிள்ளை உண்மையை எழுத ஆரம்பித்தால், அந்த உண்மை ஊருக்குள் போய்விடக் கூடாது. ஒரு பையன், தன் தாத்தாவை ஒருவர் 'டேய்' போட்டுக் கூப்பிட்டதை எழுதியிருந்தான். யார் என்றும் எழுதியிருந்தான். நல்லா எழுதியிருக்கிறான் என்று பெருமைப்பட்டு, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதை வாசிக்க வைத்துவிட்டார்கள். வாசித்தவன் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் தாத்தா அந்த வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டி வந்தது. அந்தப் பையன் இப்போது கதைச் சுருக்கம் மட்டும்தான் எழுதுகிறான். பிள்ளை சம்மதிக்காமல் யாரும் வாசிக்கக் கூடாது, வாசிக்க வைக்கவும் கூடாது என்பதை ஆசிரியர் பயிற்சியில் முதல் நாளே சொல்லவேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றித்தான் வெளியே அதிகம் பேசினார்கள். கயிறு கட்டுவது பெரிய வகுப்பில். எட்டு வயதில், யார் சொல் சுவரில் தொங்கும், யார் சொல் அடிபடும் என்று இரு தரப்புப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள். அட்டையும் வண்ணமும் பள்ளியே வாங்கித் தர ஒரு சிறு நிதி, புத்தக அலமாரியில் தலித் எழுத்தாளர்கள் குழந்தைகளுக்கு எழுதிய கதைகள், இவற்றையெல்லாம் அறிக்கைகளின் வழியாகத்தான் கேட்கவேண்டும் என்றில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் நம் அம்மாக்கள் கேட்கலாம்.

அந்த மல்லி நோட்டுக்கு வருகிறேன். அந்த ஆசிரியரிடம், ஒரு பருவம் மட்டும் பென்சிலில் கேள்வி எழுதிப் பாருங்கள் சார் என்று கேட்டுக்கொண்டேன். அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டார். பங்குனியில் மறுபடி போனேன். சிவப்பு அடித்தலுக்குக் கீழே, "அம்மா எத்தனை மணிக்குப் போனாங்க?" என்று பென்சிலில் இருந்தது. சிறுமி அரைப் பக்கம் எழுதியிருந்தாள். கோழி கூப்பிடும் முன்னே போச்சு, கையெல்லாம் மல்லி வாசம், சோத்துலயும் அந்த வாசம், எனக்கு அது பிடிக்கும் என்று. கடைசி வரியில் அவளும் ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: "சார் ஒங்க அம்மா என்ன வேலைக்கு போவாங்க?"

அதற்குக் கீழே நான்கு கோடு காலியாக இருந்தது. "என்ன எழுதுறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன் மேடம்" என்றார் ஆசிரியர்.