‘ஹெவி’ன்னா எத்தனை சென்டிமீட்டர்?

“அண்ணாச்சி, மத்தியானம் கல்யாணச் சாப்பாடு ஹெவி. ராத்திரிக்கு ஒண்ணும் வேண்டாம்.”

“வண்ணார்பேட்டையில டிராபிக் ஹெவியா இருக்கு. சுத்திப் போங்க.”

திருநெல்வேலியில் ஒரு நாளைக்கு எத்தனை ‘ஹெவி’ காதில் விழும் என்று எண்ணவே முடியாது. சாப்பாடு, வேலை, பாடம், செலவு எல்லாமே ஹெவிதான்!

ஆங்கிலத்தில் இது எடையைக் குறிக்க வந்த சொல். ‘தூக்கு’ என்று பொருள்படும் ‘ஹீவ்’ இதற்குச் சொந்தக்காரச் சொல். தூக்கச் சிரமமானது எதுவோ, அது ஹெவி. தமிழில் ‘கனம்’. துக்கம் வந்தால் நமக்கு மனசு கனத்துப் போகிறது. அவர்களுக்கும் இதயம் ‘ஹெவி’ ஆகிறது.

ஆனால், இந்தச் சொல்லுக்கு ஓர் இடத்தில் திட்டமான அளவு உண்டு. அது மழை.

வானிலை ஆய்வு மையம் ‘கனமழை’ என்று சொன்னால், 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர். ‘மிக கனமழை’ 12 முதல் 20 வரை. ‘அதி கனமழை’ என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல். காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை ஒரு நாள் கணக்கு.

சென்டிமீட்டர் கணக்கு மனதில் நிற்கவில்லையா? மொட்டை மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மாடியில் 7 சென்டிமீட்டர் பெய்தால் சுமார் 6,500 லிட்டர். 21 சென்டிமீட்டர் என்றால் 19,500 லிட்டர்.

சரி, மழை எச்சரிக்கையில் ‘அதி கனமழை’க்கு மேல் என்ன சொல்? எதுவும் இல்லை. அந்தப் படிக்கட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. மழை அங்கே நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை அதைப் பார்த்தது. குமரிக்கடல் பக்கம் நிலவிய வளிமண்டலச் சுழற்சியால் விடாமல் மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95! தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் மழையைவிட அது அதிகம். நம் மொட்டை மாடிக் கணக்கில் 88,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி ஏழுக்கும் மேல். ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லி அரித்துப் போக, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது.

21 சென்டிமீட்டருக்கும் 95 சென்டிமீட்டருக்கும் ஒரே பெயர்தான்: அதி கனமழை.

அதனால், போனில் எச்சரிக்கை வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, முன்னால் ஒட்டியிருக்கும் சொல். வெறும் ‘கன’மா, ‘மிக’வா, ‘அதி’யா?

இரண்டாவது, நிறம். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள்.

மூன்றாவது, ‘ஓரிரு இடங்களில்’ என்ற சொல். ‘நம்ம ஊர்ல இல்ல’ என்று அதற்கு அர்த்தமில்லை. அந்த ஓரிரு இடத்தில் ஒன்று நம் தெருவாகவும் இருக்கலாம். மழை மாஞ்சோலையில் பெய்தாலும் தண்ணீர் கீழேதான் வரும்.

ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது குறுக்குத்துறை முருகன் கோயில். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரைக் கரைமேல் உள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுவார்கள். ‘பார்த்துக்கலாம்’ என்று முருகனே உட்கார்ந்திருப்பதில்லை!

சாப்பாடு ஹெவி என்றால் ஒரு சோடாவில் சரியாகிவிடும். மழை ஹெவி என்றால், “எத்தனை சென்டிமீட்டர்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.