எங்கே குடியிருப்பது?



இதழ் ஒரு மாதம் தாமதம். அச்சகப் பாக்கி, தாள் விலை என்று வழக்கமாகச் சொல்கிற காரணங்கள் இந்த முறை இல்லை. நான் வீடு தேடிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அதிலேயே போச்சு. ஆசிரியர் குழுத் தோழர்கள் கோபித்துக்கொண்டார்கள். 'உன் சொந்த விஷயத்துக்காக இதழை நிறுத்துவியா?' என்று ஒருவர் கேட்டார். சொந்த விஷயமா இது என்று யோசித்துப் பார்த்ததில்தான் இந்தத் தலையங்கம்.

உத்திரமேரூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, காலனியில், நைனா காலத்துத் தொகுப்பு வீட்டில் இருக்கிறோம். கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழைக்காலத்தில் கட்டிலை நகர்த்திப் போடுவது எங்கள் வீட்டில் ஒரு தனி வித்தை. வருகிற ஜூனில் மகள் ஆறாம் வகுப்பு. 'இன்னாங்க, இதுக்கு மேலயும் இங்கியே இருந்தா எப்படிங்க? நல்ல இஸ்கூல் இருக்கிற எடமா பாருங்க' என்று மனைவி ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கிளையில் உடன் வேலை செய்பவர்கள் ஆளுக்கொரு யோசனை. 'சிட்டி வேணாம் சார். பொம்பளப் புள்ளைய வெச்சிக்கிட்டு அந்த நெரிசல்ல, ரவுடித்தனத்துல குடும்பம் நடத்த முடியாது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கமா ஒரு மனை போட்டுடுங்க. கேட் வெச்ச நகர், வாட்ச்மேன், அமைதி. சேஃப்டி சார்.' நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். யாரிடமிருந்து சேஃப்டி என்று மட்டும் நான் கேட்கவில்லை.

புறநகர் என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஊருக்குப் புறத்தே குடியிருப்பவர்தான் புறநகர்வாசி என்றால், தமிழ்நாட்டில் நம்மைவிட மூத்த புறநகர்வாசி யார்?

முதலில் காலனியைச் சொல்லிவிடுகிறேன். குடும்பம் நடத்த இதைவிடத் தோதான இடம் இல்லை என்றும் சொல்லலாம். நானும் அவளும் வேலைக்குப் போய்விட்டால் பள்ளிவிட்டு வருகிற பிள்ளைக்கு எந்த வீட்டிலும் சோறு உண்டு. ராத்திரி பதினோரு மணிக்கு எங்கம்மா திண்ணையில் தனியாகப் படுத்துத் தூங்குகிறது. யாரும் கதவைத் தாழ் போடுவதில்லை. ஆனால் பஸ் நிறுத்தம் ஊர்த்தெருவைத் தாண்டி இருக்கிறது. ஊர்த்தெருப் பையனும் காலனிப் பொண்ணும் பேசிக்கொண்டிருந்ததாக ஒரு பேச்சு கிளம்பினால் போதும், ஒரு வாரத்துக்கு நம் பிள்ளைகள் கூட்டமாகத்தான் பள்ளிக்கூடம் போகணும். தருமபுரியில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். பெங்களூரிலும் திருப்பூரிலும் பாடுபட்டுச் சேர்த்த பீரோவையும் நகையையும் வண்டியையும்தான் தேடித் தேடி அழித்தார்கள். எல்லாரும் ஒன்றாக இருந்ததால் ஒருவருக்கொருவர் துணை. ஒன்றாக இருந்ததால் ஒரே சாயங்காலத்தில் எல்லாம் சாம்பல். 'சேரி என்பது எதிர்ப்பின் வெளி' என்று சென்னையில் உட்கார்ந்து நம் இதழுக்கே கட்டுரை அனுப்புகிற தோழர்கள், மழை நாளில் ஒரு ராத்திரி வந்து எங்கள் வீட்டில் தங்கிப் போக வேண்டும் என்று அன்போடு அழைக்கிறேன். கட்டில் நகர்த்த ஆள் வேண்டும்.

எங்கள் ஊர் கல்வெட்டால் பேர் பெற்ற ஊர். பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டும்போது பிரதமர்கூட அதைச் சொன்னார். ஜனநாயகத்தின் தொட்டில் என்று பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாக நிற்கவைத்துக் காட்டினார்கள். வாரியத்துக்குப் பேர் எழுதப்படத் தகுதி என்ன? கால்வேலிக்கு மேல் இறை கட்டுகிற நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். 35-க்கு மேல், 70-க்குள் வயசு. வேதம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இப்போது 37. வயசு மட்டும் பொருந்துகிறது.

சொந்த மனை. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டிய அந்தச் சொல்லிலிருந்து இந்த மாவட்டம் இன்னும் வெளியே வரவில்லை. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். சேரி மனைகூட மிராசுதாரனுடையது, எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிடுங்கிக்கொண்டு துரத்தலாம், அதனால்தான் இவர்கள் கூலி கேட்டு வாய் திறக்க முடிவதில்லை என்பது அவர் கண்டுகொண்ட விஷயங்களில் ஒன்று. பண்ணையடிமைத்தனத்தின் பூட்டு குடியிருக்கும் மனையில் இருந்தது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892-ல் வந்த ஆணையில் பிறந்ததுதான் பஞ்சமி நிலம். 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறோம். பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் நம்மவர்களுக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த நிலத்தை மீட்கக் காரணை மக்கள் போராடியபோதுதான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரையும் இழந்தோம். அப்போது நான் சின்னப்பிள்ளை. நைனா சொல்லித்தான் தெரியும்.

சரி, காலனி வேண்டாம், டவுனில் வாடகைக்குப் போகலாம் என்று பார்த்தேன். எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர், மாடி போர்ஷன் காலியாக இருக்கு, வாங்க சார் என்று அவராகவே கூப்பிட்டார். போனோம். மனைவி சமையலறையில் நின்று அலமாரி எண்ணிக்கொண்டிருக்கிறாள். 'சார்க்கு சொந்த ஊரு எது? ஊர்லயா, இல்ல...' என்று இழுத்தார். காலனி என்றேன். முகம் மாறவே இல்லை, அதுதான் ஆச்சரியம். காபி கொடுத்தார். மறுநாள் கவுண்டரில் வந்து, 'அண்ணன் பையனுக்கு மாற்றலாயிடுச்சி சார், தப்பா நெனைக்காதீங்க' என்றார். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக் கொடுத்தேன். இன்னும் இரண்டு வீட்டில் 'நாங்க சைவம்' என்பதோடு முடிந்தது. 1917-ல் பரோடாவில் அரசு வேலைக்கு வந்த அம்பேத்கர் பேரை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கி, தடியோடு வந்தவர்கள் துரத்த வெளியேறினார். எனக்குத் தடி காட்டவில்லை, காபி கொடுத்தார்கள். இந்த நூறு வருஷத்து முன்னேற்றத்தை நான் மறுக்கமாட்டேன். தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் வாடகை வீடு பற்றி ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டார்கள். போனில் பேரைக் கேட்டே தலித்துக்கும் முஸ்லிமுக்கும் கதவை அடைக்கிறார்கள் என்பதுதான் அதில் இருந்தது. தில்லிக்கு எதுக்குப் போகணும்.

அப்படியானால் சென்னை? கிராமம் குறுகிய புத்தியின் கிடங்கு என்ற அர்த்தத்தில்தான் அம்பேத்கர் 1948-ல் அரசியல் நிர்ணய சபையிலே பேசினார். நகரத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை என்கிறார்கள். பாதி உண்மை. 1921 ஜூனில் புளியந்தோப்பில் நம் குடிசைகள் எரிந்ததும் நகரத்தில்தான். ஆனாலும் என் அக்கா கல்யாணமாகிப் போன ஆற்றோரக் குடிசையில் சாதி கேட்ட வீட்டுக்காரன் இல்லை. நடந்தால் பத்து நிமிஷத்தில் நாலு வீட்டில் வேலை. மாமாவுக்கு மார்க்கெட்டில் மூட்டை. பிள்ளைகளுக்கு மாநகராட்சிப் பள்ளி. வெள்ளம் வந்தது, சாமான் போச்சு. பிறகு லாரி வந்தது. இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஓர் அடுக்கில் ஆறாவது மாடி.

இது அக்கா கதை மட்டும் இல்லை. 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தந்தார்கள். 2000 வாக்கில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு வேகவேகமாகப் பெரும்பாக்கம் என்று ஆற்றோரத்துச் சனத்தை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குவித்தார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அங்கே இருக்கிற எல்லாரும் தலித்துகள் இல்லை, பெரும்பகுதி நம் சனம்தான். அந்த முகவரி எழுதினால் வேலை கொடுக்க யோசிக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைகள் எத்தனையோ முறை சொல்லியாச்சு. எங்கே என்ன நடந்தாலும் போலீஸ் முதலில் அங்கேதான் வருகிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடியில் தங்கம் வென்ற அணியில் கண்ணகி நகர்ப் பொண்ணு இருந்தது தெரிந்ததும், அந்த ஊர்ப் பேரை நாடு முழுக்க முதல் தடவையாக மரியாதையோடு உச்சரித்தது. 2022 மே மாதத்தில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்துச் செத்தார். அதற்குப் பிறகுதான் அருகிலேயே மாற்று வீடு தரலாம் என்று அரசுக்குத் தோன்றியது. வாரியத்தின் பேர் இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பேரிலிருந்து குடிசை போயிருக்கிறது.

ஆனால் அக்காவை உட்காரவைத்துக் கேட்டபோது நான் எழுதிவைத்திருந்த கோஷம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. 'வீட்டுக்குள்ள கக்கூஸ் இருக்குதுடா தம்பி. ராத்திரி ஆத்தங்கரைக்குப் போற பயம் இல்ல. தண்ணி வந்து பாய நனையாது. திரும்பிப் போறியான்னு கேட்டா மாட்டேன்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து அதுவே சொன்னது: 'ஆனா காலையில நாலரைக்குக் கிளம்பினாத்தான் வேலைக்குப் போய்ச் சேர முடியுது. நான் திரும்பறதுக்குள்ள பெரியவ என்ன பண்ணா, சின்னவன் யாரோட சேந்தான், ஒண்ணும் தெரியல. லிப்ட்டு ஓடுனா ஓடும். அங்க இருந்தப்ப பக்கத்து வூட்டுக்காரி பாத்துக்குவா. இங்க பக்கத்து வூட்டுக்காரி யாருன்னே தெரியாம குலுக்கல்ல போட்டுட்டானுங்க.' பெரியவள் ஒன்பதாவதோடு நின்றுவிட்டாள். குடும்பம் என்பது நாலு சுவர் என்று நினைத்துத்தான் வீட்டை ஒதுக்கினார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் அந்தக் காகிதத்தில் கட்டம் இல்லை.

தனியாக இருப்பதே தப்பு என்று சொல்லவரவில்லை. 1942 ஜூலையில் நாக்பூர் மாநாட்டில் தீண்டப்படாதோருக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று தீர்மானம் போட்டவர்கள் நம்மவர்கள்தான். அவர்கள் கேட்டது நிலத்தோடு, நம் அதிகாரத்தில் இருக்கிற குடியிருப்பு. பெரும்பாக்கத்தில் கிடைத்தது ஒதுக்கீட்டு ஆணை. எதிர்ப்பக்கத்தில் 1998-லிருந்து சமத்துவபுரம், நூறு வீட்டில் நாற்பது நமக்கு. நல்ல நோக்கம், சில இடத்தில் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் அதுவும் ஊருக்கு வெளியே புதுசாகக் கட்டியது. ஊர்த்தெருவுக்குள் நமக்கு ஒரு மனை தர எந்தத் திட்டத்துக்கும் தைரியம் வரவில்லை.

வங்கியில் வீட்டுக்கடன் மேசையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: காகிதம். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா. காலனிக்காரன் நிபந்தனைப் பட்டாவோடு வருவான், அடுக்குமாடிக்காரி ஒதுக்கீட்டு ஆணையோடு வருவாள். இரண்டு பேரையும் நானே, என் வாயாலேயே, 'இது செல்லாதும்மா' என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த வீட்டில் முப்பது வருஷம் குடியிருந்தாலும் எங்கள் ரூல்படி அவர்களிடம் வீடு இல்லை.

கடைசியில் எல்லாரும் சொன்ன புறநகருக்கே போனோம். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர். கல் நட்டு, கொடி கட்டி, ஒரு தெய்வத்தின் பேரில் நகர். புரோக்கர் சாதி கேட்கவில்லை, பணத்துக்குச் சாதி ஏது. மனைவிக்குப் பிடித்துப்போச்சு. நடந்து போகிற தூரத்தில் பள்ளி. பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். காகிதப் பழக்கம் விடவில்லை, பழைய 'அ' பதிவேட்டு நகலைத் தேடி எடுத்தேன். அந்த சர்வே எண்ணுக்கு நேராக இரண்டு எழுத்து: டி.சி. 'டிப்ரஸ்டு கிளாஸ்'. பஞ்சமி நிலம். நடுவில் யார் யாரோ கைமாறி, பட்டா மாறி, இப்போது சதுர அடிக் கணக்கில் எனக்கே விற்கிறார்கள். புரோக்கரிடம் கேட்டேன். 'அதெல்லாம் அப்பவே சரி பண்ணியாச்சு சார், பேங்க் லோனே கிடைக்கும்' என்றார். எந்த வங்கி என்று நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். நேரம் கழித்து, 'அந்த எடத்துல முன்ன இருந்தவங்கள்லாம் எங்க போனாங்களாம்?' என்றாள். மகளை இப்போதைக்கு உத்திரமேரூரிலேயே சேர்க்கிறோம். கூரைக்குக் கான்கிரீட் போட சொசைட்டியில் கடன் எழுதியிருக்கிறேன். அட்வான்ஸ் இன்னும் திரும்பவில்லை.

உங்கள் ஊரில் நகர் ஆகிவிட்ட டி.சி. நிலத்தின் சர்வே எண் தெரிந்தால் பதிவேட்டு நகலோடு இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். வாடகைக்குப் போன இடத்தில் உங்களிடம் கேட்ட கேள்விகளையும் அப்படியே, வார்த்தை மாற்றாமல் எழுதி அனுப்புங்கள். நானும் இரண்டு தோழர்களும் அடுத்த வாரம் அந்த சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போகிறோம். அந்த நிலம் முதன்முதலில் யார் பேருக்குக் கொடுக்கப்பட்டது, அவருடைய பேரப்பிள்ளைகள் இப்போது எந்த அடுக்கில், எத்தனையாவது மாடியில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அடுத்த இதழில் எழுதுகிறேன்.