மூச்சு வைத்தியம் சிற்றூருக்கு வரட்டும்

சுவாச வியாதிகளையும் நித்திரைக் கோளாறுகளையும் பற்றிப் பேசப்புகும் எவரும், காசநோயின் விஷயத்தில் நம் மலேசிய நாடு பெற்ற அனுபவத்தை மறத்தலாகாது. 1961-ஆம் ஆண்டில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, கோலாலம்பூரில் இன்று சுவாச மருத்துவக் கழகமாக விளங்கும் தலைமை நிலையத்தோடு காரியம் நின்றுவிடாமல், பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசியும் இருமுகிறவருக்குச் சளிப் பரிசோதனையும் சிற்றூர்கள் வரையில் சென்றமையால், அக்கொடிய நோயின் வேகம் தணிந்தது.

அம்முறையையே சுவாச, நித்திரை வியாதிகளுக்காகச் சிடாம் கிரி முதலான கெடாத் தோட்டப்புறங்களில் இன்றும் கைக்கொள்ள வேண்டும் என்பது என் விண்ணப்பம். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குச் சென்று பால் வெட்டியவர்களும், ரப்பர்த் தகடுகளைப் புகையில் உலர்த்தியவர்களும், 2020-இல் முற்றாகத் தடைசெய்யப்படும் வரையில் பாராகுவாட் களைக்கொல்லியைத் தோளில் சுமந்து தெளித்த பெண்களும், 1997-இலும் 2015-இலும் சூழ்ந்த புகைமூட்டத்தைச் சுவாசித்து இங்கே முதுமையெய்தியிருக்கிறார்கள். அவர்தம் பிள்ளைகளோ சுங்கைப்பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்டு பார்த்துப் பகலில் அரைத்தூக்கம் தூங்குகிறார்கள்.

இருமலை முதுமையின் கணக்கிலும், குறட்டையை ஆழ்ந்த நித்திரையின் கணக்கிலும் எழுதிவிடுவது நம் குடும்பங்களின் வழக்கம். குறட்டைக்கிடையே மூச்சு நின்று, திடுக்கிட்டு மீண்டும் தொடங்குமாயின், தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி அடைபடுகிறதென்று ஐயுற வேண்டும். அவ்வடைப்பினால் பிராணவாயு குறைந்து, இரத்த அழுத்தம் உயர்ந்து, மறுநாள் லாரி ஓட்டுகிறவர் கண்ணயர்ந்துபோகவும் நேர்கிறது. முகமூடி வழியாக இடைவிடாது காற்றழுத்தம் செலுத்தி இதற்கு நிவாரணம் காணும் முறையை ஆஸ்திரேலிய வைத்தியர் காலின் சல்லிவன் 1981-லேயே வெளியிட்டுவிட்டார்.

அரசாங்க மருத்துவமனையில் 5 ரிங்கிட் கட்டணத்தில் நிபுணரைக் காணும் பாக்கியம் நம் குடிமக்களுக்கு உண்டு. ஆயினும், நிபுணரை நாட வேண்டிய நோய் தமக்கிருப்பதையே அறியாதவருக்கு அச்சலுகையால் யாது பயன்? ஆகையால், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து வாங்கச் சுகாதார நிலையத்திற்கு வருகிறவர் ஒவ்வொருவரிடமும் குறட்டையையும் பகல் தூக்கத்தையும் பற்றி விசாரிப்பதும், நாட்பட்ட இருமலுள்ளவரை ஊதச் செய்து நுரையீரலின் திறனை அளப்பதும் நித்திய வழக்கமாக வேண்டும். ஐயத்திற்கிடமானவர்களைத் தாமதமின்றிச் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலீம் மருத்துவமனைக்கோ அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கோ அனுப்ப வேண்டும். பல ஆயிரம் ரிங்கிட் விலையாகும் காற்றழுத்தக் கருவியை ஏழைகளும் பெறும்வண்ணம் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி தாராளமாகக் கை கொடுக்க வேண்டும். நாட்டின் ரப்பர்ச் செல்வத்தைப் பெருக்கிய ஜனங்களுக்கு இவ்வளவேனும் செய்வது அரசாங்கத்தின் கடமை. வீட்டாரின் மூச்சைக் கவனித்து, வைத்தியரிடம் தயங்காமல் சொல்வது நம் கடமை.